ஆலையின் கணக்கும் வயலின் கணக்கும்

ஒரு பொருளை உண்டாக்குவது ஒரு தொழில். அப்பொருளுக்கு வேண்டிய சாமான்களை வேண்டிய காலத்தில், வேண்டிய அளவில், வேண்டிய இடத்தில் சேர்ப்பித்தல் மற்றொரு தொழில். முன்னதில் தேர்ச்சி பெற்றோர் நம்மிடையே அநேகர். பின்னதன் அருமை, வெட்டிய கரும்பு ஆலை வாயிலில் வண்டியிலேயே கிடந்து காயும் தினத்தன்றுதான் பெரும்பாலோருக்கு விளங்குகிறது.

தினம் ஒன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஒரு சர்க்கரை ஆலையை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 40 டன் மகசூலெனக் கொண்டால், அவ்வாலைக்கு நாள்தோறும் 62½ ஏக்கர்க் கரும்பு வெட்டுப்பட்டு வந்தாக வேண்டும். 150 நாள் அரவைக்கு 9,375 ஏக்கர் வேண்டும். ஒரு தினத்தில் 40 ஏக்கர் மட்டும் வெட்டுப்பட்டால் ஆலை நிற்கும். 90 ஏக்கர் வெட்டுப்பட்டால் வண்டிகள் நிற்கும். இரண்டினாலும் நஷ்டமே. இந்நஷ்டத்தைத் தவிர்க்கத் தொழிற்சாலைகளில் வழங்கும் கணக்கு முறை எத்தகையது, அதில் குடியானவருக்கும் கிராம அலுவலருக்கும் உள்ள பங்கு யாது என்பவை இங்கே விவரிக்கப்படுகின்றன.

இருப்புச் சரக்கின் இரு செலவுகள்

சரக்கை வாங்கி இருப்பில் வைத்தால் முதல் முடங்கும், வட்டி ஏறும், ஈரமும் பூச்சியும் சேதம் செய்யும். இருப்பில் வையாமல் அடிக்கடி வாங்கினாலோ, ஒவ்வொரு தடவையும் வண்டிக் கூலியும் அலைச்சலும் உண்டாகும். இவ்விரு செலவுகளையும் சீர்தூக்கி, ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது நலமென்பதைக் கணித வாயிலாக 1913ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்பவர் எழுதி வெளியிட்டார். இன்றளவும் தொழிற்சாலைகளில் அது வழங்கி வருகிறது.

ஓர் உதாரணத்தால் இதனை அறியலாம். ஒரு குடியானவருக்கு வருஷத்தில் 200 மூட்டைப் பிண்ணாக்கு சீரான அளவில் செலவாகிறதென்றும், ஒரு தடவை வாங்கிவர 1,000 ரூபாய் செலவென்றும், ஒரு மூட்டையை ஒரு வருஷம் வைத்திருக்க வட்டியும் சேதமும் சேர்ந்து 40 ரூபாய் என்றும் கொள்வோம். முழுவதையும் ஒரே தடவையில் வாங்கினால் கூலி 1,000; சராசரி இருப்பு 100 மூட்டையாதலால் காப்புச் செலவு 4,000; ஆக 5,000 ரூபாய். நான்கு தடவையாக வாங்கினால் கூலி 4,000. சராசரி இருப்பு 25 மூட்டைக்குக் காப்புச் செலவு 1,000. மறுபடியும் 5,000 ரூபாய். இரண்டு தடவையாக, தடவைக்கு 100 மூட்டை வாங்கினாலோ கூலி 2,000, காப்புச் செலவு 2,000, ஆக 4,000 ரூபாயே. இரு செலவுகளும் எங்கே சமமாகின்றனவோ அங்கேதான் மொத்தச் செலவு மிகக் குறைவு என்பது ஹாரிஸ் கண்ட விதி.

வண்டிப் பட்டறைக் கணக்கு

பிண்ணாக்கைப் போல் தனித்துச் செலவாகும் பொருளுக்கே மேற்கூறிய விதி பொருந்தும். பல உறுப்புக்கள் சேர்ந்து ஆகும் பொருளுக்கு வேறு கணக்கு வேண்டும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம்மவர் பழமொழி. தேருக்கு ஆயிரம் உறுப்பு இருந்தும் ஓர் ஆணி இல்லாவிடில் மற்றவை யாவும் வெறும் மரமே.

ஒரு தச்சுப் பட்டறையில் தை முதல் தேதிக்குள் 10 மாட்டு வண்டி செய்து தர ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். வண்டிக்குச் சக்கரம் 2. சக்கரத்துக்குக் குடம் 1, வட்டை 6, ஆரக்கால் 12, இரும்புப் பட்டா 1. பத்து வண்டிக்கு 20 சக்கரம் வேண்டும். பட்டறையில் முடிந்த சக்கரம் 4 இருக்கிறது. ஆதலால் செய்ய வேண்டியது 16. பதினாறு சக்கரத்துக்கு ஆரக்கால் 192. சீவி வைத்த ஆரக்கால் 60 இருப்பதால் இனிச் செய்ய வேண்டியது 132. முடிந்த சக்கரங்களுள் அடங்கிய ஆரக்கால்களை மறந்து, 240இலிருந்து 60ஐ மட்டும் கழித்தவர் 180 செய்து, 48 ஆரக்காலை வீணே அடுக்கி வைப்பார். எனவே மேற்படியில் உள்ள இருப்பைக் கழித்த பிறகே கீழ்ப்படிக்கு இறங்க வேண்டும்.

அளவைப் போலவே காலத்தையும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். வண்டி கூட்ட 1 வாரம், சக்கரம் கூட்ட 2 வாரம், ஆரக்கால் சீவ 1 வாரம், மரம் உலர 12 வாரம் ஆகுமாயின், மொத்தம் 16 வாரம். தை முதல் தேதிக்கு வண்டி வேண்டுவோர் புரட்டாசி 9ஆம் தேதி வாக்கிலேயே மரத்தை அறுத்து உலரவிட்டிருக்க வேண்டும். மார்கழியில் மரம் தேடிப் புறப்படுவோர் எவ்வளவு கூலி கொடுத்தாலும் காலத்தை விலைக்கு வாங்க இயலாது.

உழவு யந்திரத் தொழிற்சாலையில் பிறந்த முறை

வண்டிக்குப் பொருந்தும் இக்கணக்கே உழவு யந்திரத்துக்கும் பொருந்தும். உறுப்புக்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் பெருகும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்து ரசீன் நகரில் ஜே. ஐ. கேஸ் என்னும் கம்பெனி 1840களில் கதிரடிக்கும் யந்திரம் செய்யத் தொடங்கிப் பின்னர் டிராக்டர்களும் செய்து வந்தது. அக்கம்பெனியில் 1960களின் தொடக்கத்தில் அலுவல் பார்த்த ஜோசப் ஆர்லிக்கி என்பவர், மேலே சொன்ன பட்டறைக் கணக்கைக் கணிப்பொறியைக் கொண்டு செய்யும் முறையை வகுத்தோருள் முதன்மையானவர். 1975இல் அதனை நூலாகவும் எழுதினார்.

அதற்கு முன்னர் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அட்டை வைத்து, இருப்பு ஒரு குறித்த அளவுக்குக் கீழ் இறங்கியவுடன் மறுபடி வாங்குவது வழக்கம். உறுப்புக்கள் தனித்தனியே செலவாகின்றன என்பது அம்முறையின் அடிப்படை. அது பிழையாகும். ஓர் உறுப்பு நூற்றில் 90 தடவை கையிருப்பில் கிடைக்குமாறு ஏற்பாடு செய்தாலும், பத்து உறுப்புக்கள் ஒருங்கே வேண்டியிருக்குமிடத்து, பத்தும் ஒரே காலத்தில் கிடைப்பது நூற்றில் சுமார் 35 தடவையே. ஆர்லிக்கி வற்புறுத்திய உண்மை எளியது: எத்தனை டிராக்டர் விலைபோகும் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும், எத்தனை சக்கரம் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பெருக்கிக் கண்டுகொள்ளலாம்.

ஆயிரக்கணக்கான உறுப்புக்களுக்கு இதைக் கையால் செய்து முடிக்குமுன் கணக்கு பழையதாகிவிடும். 1956இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட கணிப்பொறியொன்றில், சுழலும் தட்டுக்களில் பதிந்த விவரங்களுள் வேண்டிய ஒன்றை மட்டும் உடனே எடுத்துப் பார்க்கும் வசதி ஏற்பட்டது. அதன் பின்னரே இம்முறை நடைமுறைக்கு எளிதாயிற்று. பிற்காலத்தில் கொள்முதல், சம்பளம், விற்பனை, ரொக்கம் ஆகியவற்றின் கணக்குக்களும் இதனோடு பிணைக்கப்பட்டு, 1990க்குப் பின் ஒரு தொழிற்சாலையின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே பேரேடு என்னும் நிலை வந்தது.

சர்க்கரை ஆலையின் தலைகீழ்க் கணக்கு

டிராக்டர் தொழிற்சாலையில் பல பொருள்கள் கூடி ஒன்றாகின்றன. சர்க்கரை ஆலையிலோ ஒரு பொருள் பிரிந்து பலவாகிறது. 100 டன் கரும்பிலிருந்து சர்க்கரை 9 அல்லது 10 டன், ஈரச் சக்கை சுமார் 30 டன், கழிவுப்பாகு 4 டன் வாக்கில் கிடைக்கும். சக்கையே கொதிகலனுக்கு விறகு. ஆதலால் கரும்பு வரத்து நின்றால், அரவை மட்டுமன்றிச் சிறிது காலத்தில் நீராவியும் மின்சாரமும் நிற்கும்.

மேலும் டிராக்டரின் சக்கரத்தை ஒரு மாதம் கொட்டகையில் வைக்கலாம். வெட்டிய கரும்பை அவ்வாறு வைக்க இயலாது. வெட்டிய நேரத்திலிருந்து எடை குறையும். அதிலுள்ள சர்க்கரையும் படியாத சர்க்கரையாக மாறிவிடும். 24 மணி நேரத்துக்குள் அரைத்தல் நலம். ஆகவே இவ்வாலையின் உண்மையான சரக்குக் கிடங்கு ஆலைச் சுவருக்குள் இல்லை; நாற்புறமும் உள்ள வயல்களில் இருக்கிறது. அக்கிடங்கின் இருப்புப் புத்தகமே கரும்புப் பதிவேடு.

தமிழ்நாட்டில் மார்கழி, தை மாதங்களை ஒட்டிய முன்பட்டம், மாசி, பங்குனியை ஒட்டிய நடுப்பட்டம், சித்திரை, வைகாசியை ஒட்டிய பின்பட்டம் என நடவு பிரிக்கப்பட்டிருப்பதும், கோ.க. 671 போன்ற முந்தி முதிரும் இரகங்களும் கோ 86032 போன்ற பிந்தி முதிரும் இரகங்களும் கலந்து நடப்படுவதும், வயல்கள் யாவும் ஒரே வாரத்தில் முதிராமல் வரிசையாக முதிர்வதற்கு உதவுகின்றன. நடவுத் தேதி, இரகம், விஸ்தீரணம், நடவுக் கரும்பா மறுதாம்பா என்னும் விவரம், புல எண் ஆகிய ஐந்தும் சரியாகப் பதிவானால், எந்த வயல் எந்த வாரத்தில் எவ்வளவு தரும் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே கணக்கிடலாம். வெட்டுக்கு முன் கைப் பிரிக்ஸ் மானியால் சாற்றைச் சோதித்து அவ்வரிசையைத் திருத்திக்கொள்ளலாம். பின்னர் வெட்டு உத்தரவு, வெட்டாள் கூட்டம், வண்டி, எடைமேடை, அரவை, பணப்பட்டுவாடா ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அப்பதிவைத் தொடர்ந்து செல்லும். உத்தரப் பிரதேசத்தில் கரும்பு கொண்டுவருவதற்குரிய சீட்டு, குடியானவரின் கைபேசிக்கே குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டு வருகிறது.

ஏட்டுச் சுரைக்காய்

கணிப்பொறி கணக்கிடுவதில் பிழை செய்யாது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விவரம் பொய்யானால், அது பொய்யையே பிழையின்றிப் பெருக்கும். முற்கூறிய ஆலையில் பதிவான 9,375 ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு கூட்டி எழுதப்பட்டதென வைத்துக்கொள்வோம். ஏட்டில் உள்ளதும் வயலில் இல்லாததுமான கரும்பு 937½ ஏக்கர். அது 15 நாள் அரவை. அதை நம்பி வெளியூர் வெட்டாட்களை வருவித்து முன்பணம் கொடுத்தால், அவர்கள் பதினைந்து நாள் வேலையின்றி இருப்பர். குறைத்து எழுதினாலோ, ஏட்டில் இல்லாத 15 நாள் கரும்பு வயலில் நிற்கும்.

இப்பிழையின் சுமை எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை. வெட்டு உத்தரவு தள்ளிப்போகும் வயலில் கரும்பு முற்றிப் பூக்கும், சாறு வற்றும், எடை குறையும், மறுதாம்பு பழுதாகும், அடுத்த பயிரின் பட்டமும் தவறும். வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தள்ளிப்போவதில்லை. பத்து ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு வயலில் கண்ட நஷ்டத்தை மற்றொன்றில் ஈடு செய்யக்கூடும். ஓர் ஏக்கர் மட்டும் உள்ளவருக்கு அந்த ஏக்கரே வருஷத்தின் வருமானம். வரிசையை மீறித் தமது கரும்பை முன்னதாக வெட்டச் செய்பவர், ஆலையை ஏமாற்றுவதாக எண்ணலாம். உண்மையில் பின்னிற்கும் அண்டை வயல்காரரின் எடையையே அவர் எடுத்துக்கொள்கிறார்.

வதந்தியால் பெருகும் தேவை

1958இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் மற்றோர் உண்மையை விளக்கிக் காட்டினார். கடையில் விற்பனை சிறிது கூடினால், கடைக்காரர் அதைவிடச் சற்று அதிகமாகக் கேட்கிறார். மொத்த வியாபாரி அதிலும் அதிகமாகக் கேட்கிறார். தொழிற்சாலைக்குச் செய்தி எட்டும்போது சிற்றலை பேரலையாகிவிடுகிறது. உரிய சரக்கு வந்து சேர்ந்தபின் எல்லாரும் ஒருங்கே வாங்குவதை நிறுத்த, தொழிற்சாலை வேலையின்றி நிற்கிறது. பிடியில் சிறிது அசைந்தாலும் நுனி பெரிதாக வீசும் சாட்டையை ஒத்ததால், இதற்குச் சாட்டையின் பெயரே பின்னர் வழங்கலாயிற்று.

யூரியாத் தட்டுப்பாடென்று ஒரு வதந்தி எழுந்தால் இரண்டு மூட்டை வேண்டியவர் நான்கு மூட்டை கேட்பதும், அதனாலேயே இல்லாத தட்டுப்பாடு உண்மையாவதும் கிராமங்களில் காணாததன்று. இதற்கு மருந்து, கடைசியில் பயன்படுத்துவோரின் உண்மைத் தேவையை இடையில் உள்ள அனைவரும் ஒருங்கே காணுமாறு செய்தலாகும்.

இருப்பைக் குறைப்பதன் எல்லை

ஜப்பானில் டொயோட்டா கம்பெனியினர், தாயிச்சி ஓனோ என்பவரின் யோசனைப்படி, முன்னிலையில் ஒரு பெட்டி உறுப்பு செலவானதும் அதற்குரிய அட்டை பின்னிலைக்குச் சென்று, அங்கே அடுத்த பெட்டி செய்யப்படும் ஏற்பாட்டை நிறுவினர். அட்டை வராமல் எதுவும் செய்யப்படுவதில்லை. இருப்பு மிகக் குறைந்தது. குற்றங்கள் உடனுக்குடன் வெளிப்பட்டன.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. 1997 பிப்ரவரி முதல் தேதி, டொயோட்டாவுக்கு நிறுத்துகருவியின் சிறு உறுப்பொன்றைச் செய்து கொடுத்த ஐசின் தொழிற்சாலையில் தீப்பற்றியது. அவ்வுறுப்பின் இருப்பு மிகச் சொற்பமாதலால் டொயோட்டாவின் தொழிற்சாலைகள் சில தினம் நின்றன. மற்றக் கம்பெனிகள் பல முன்வந்து அவ்வுறுப்பைச் செய்து கொடுத்ததால் வேலை மீண்டது. மழையால் பாதை கெட்டு வண்டி நிற்கக்கூடிய நாட்டில், ஒரு நாளுக்குரிய இருப்பு வீணென்று எண்ணுதல் தகாது. எதற்காக வைக்கிறோம் என்று தெரிந்து வைக்கும் இருப்பு காப்பாகும்; தெரியாமல் குவியும் இருப்பே சுமையாகும்.

முறையை மாற்றுவதற்கும் காலம் உண்டு. அமெரிக்காவின் ஹெர்ஷி என்னும் மிட்டாய்க் கம்பெனி 1999இல் தனது கணக்கு முறை முழுவதையும் புதிய கணிப்பொறி ஏற்பாட்டுக்கு மாற்றியது. அம்மாற்றம் வருஷத்தில் மிட்டாய் மிக அதிகமாக விலைபோகும் பண்டிகைக் காலத்தை ஒட்டி நிகழ்ந்தது. சரக்கு இருந்தும் கேட்டவர்களுக்கு உரிய காலத்தில் அனுப்ப இயலாமற்போயிற்று. அரவைப் பருவத்தின் நடுவில் பதிவு முறையை மாற்ற எண்ணும் ஆலையினருக்கு இஃதோர் எச்சரிக்கை.

குடியானவரும் கிராம அலுவலரும் செய்யத்தக்கவை

1. நடவு முடிந்த உடனே பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுச் சீட்டில் புல எண், விஸ்தீரணம், இரகம், நடவுத் தேதி ஆகியவற்றைச் சரிபார்த்து, சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். எழுத்து வாசனை இல்லாதவருக்கு அண்டை வயல்காரர் படித்துக் காட்டுதல் கடமையாகும்.

2. பயிரின் ஒரு பகுதி வெள்ளத்தாலோ நோயாலோ அழிந்தால், அல்லது விதைக்கரும்பாக வெட்டி விற்கப்பட்டால், அதை அறிவிக்க வேண்டும். அறிவித்தால் வெட்டுமுறை போய்விடும் என்னும் அச்சத்தால் மறைப்பவர், வெட்டு நாளில் ஆள் கூலியும் வண்டிச் சத்தமும் வீணாவதைக் காண்பார்.

3. வெட்டு உத்தரவு வருமுன் கரும்பை வெட்டலாகாது. வந்தபின் குறித்த அளவுக்கு மேலும் வெட்டலாகாது.

4. எடைச்சீட்டை அன்றே வாங்கித் தேதிவாரியாகக் கோத்து வைக்க வேண்டும். 1966ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பை ஒப்படைத்த 14 நாளைக்குள் விலை கொடுக்கப்பட வேண்டும்; தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி உண்டு. தேதியுள்ள சீட்டு கையில் இல்லாதவர் இவ்வுரிமையை நாட்டுவது கடினம்.

5. கிராம நிர்வாக அலுவலர், அடங்கலில் பயிரையும் விஸ்தீரணத்தையும் வயலை நேரில் கண்டு எழுத வேண்டும். முந்தின பசலியின் பதிவைப் பார்த்து எழுதினால், ஆலையின் பதிவை ஒத்துப்பார்க்கக் கிராமத்தில் வேறு சான்று இல்லாமற்போகும்.

6. ஆலைக் களப்பணியாளர், வெட்டு வரிசையை நடவுத் தேதியுடன் ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டுவித்தல் நலம். ஒருவர் பெயர் முன்னே ஏறினால் அதன் காரணமும் அருகில் எழுதப்பட வேண்டும். எல்லாரும் படிக்கக்கூடிய வரிசையில் முறைகேடு நுழைவது அரிது. நுழைந்தாலும் அது வெகுநாள் மறைந்திராது.

தொழிற்சாலைகள் பெரும் பொருட்செலவில் கணிப்பொறிகளை அமைத்துக்கொண்டதன் நோக்கம், இருப்பதை இருப்பதாகவும் இல்லாததை இல்லாததாகவும் உரிய காலத்தில் அறிவதேயாகும். கரும்பைப் பொறுத்தவரை அவ்வறிவின் முதல் வரி, வரப்பில் நின்று எழுதப்படும் பதிவுச் சீட்டில் இருக்கிறது. அடுத்த பட்டத்துக்கு நடவு செய்வோர், விதைக்கரணையைப் பொறுக்குவதில் காட்டும் கவனத்தை அந்தச் சீட்டிலும் காட்டுவார்களாக.